டிரைவர் உட்கார்ந்தார், கண்டக்டர் படி ஏறினார்

செகந்தராபாத் ஸ்டேஷனுக்கு எதிரே காலை எட்டரை மணிக்கு வந்து நிற்கும் ஆர்.டி.சி. பஸ் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சிப்பந்திகள் இருவர். ஒருவர் டிரைவர், மற்றவர் கண்டக்டர். ஒரே டெப்போ, ஒரே ரூட், ஒரே டீக்கடை. புகையும் வெயிலும் இருவருக்கும் பொது. பயணிகளின் வசவும் பொது. ஆனால் டிரைவர் ஏறி உட்கார்ந்தால் கடைசி ஸ்டாப்பில்தான் எழுந்திருக்கிறார். கண்டக்டருக்குத் தனி சீட்டு உண்டு, உட்காரத்தான் நேரமில்லை. பின்பக்கத்திலிருந்து முன்பக்கம், முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் என்று நாள் முழுக்க நெரிசலைப் பிளந்துகொண்டு போய்வருகிறார். பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2023 டிசம்பரில் தெலங்கானாவில் ஏற்பட்ட பிறகும் அவருக்கு ஓய்வு கிடைத்துவிடவில்லை. 'ஜீரோ டிக்கெட்' கொடுத்தாக வேண்டுமே!

இந்த இருவரில் மாரடைப்புக்கு அதிகம் அஞ்ச வேண்டியவர் யார்?

இதே கேள்வியை லண்டன் நகரில் ஒரு டாக்டர் கேட்டார். அவர் பெயர் ஜெரமி மாரிஸ். இரண்டாவது உலக யுத்தம் முடிந்த சில ஆண்டுகளில் பிரிட்டனில் மாரடைப்பால் இறப்பவர்களின் தொகை ஏறிக்கொண்டே போயிற்று. காரணம் புரியவில்லை. செய்யும் வேலைக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இருக்குமோ என்று மாரிஸுக்குத் தோன்றியது. லண்டன் போக்குவரத்துச் சிப்பந்திகளில் 35 முதல் 64 வயது வரையுள்ள சுமார் 31,000 ஆண்களின் விவரங்களைத் திரட்டினார்.

லண்டன் பஸ்கள் இரட்டை மாடி. ஹைதராபாதிலும் அப்படிப்பட்ட பஸ்கள் பல ஆண்டுகள் ஓடியதைப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். டிரைவர் தம் வேலை நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு உட்கார்ந்தே இருந்தார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கினார். எண்ணிப் பார்த்ததில் ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறினார் என்று தெரிந்தது.

முடிவு 1953-ம் ஆண்டு 'லான்செட்' என்ற மருத்துவப் பத்திரிகையில் வெளியாயிற்று. ஆண்டொன்றுக்கு 1,000 டிரைவர்களில் 2.7 பேருக்கு இதயநோய் கண்டது. கண்டக்டர்களில் 1.9 பேருக்கே கண்டது. அது மட்டுமல்ல. கண்டக்டர்களுக்கு நோய் வந்தாலும் வயது கழிந்தே வந்தது. வந்தபோதும் பிழைத்தவர்கள் அதிகம். தபால் இலாகாவிலும் இதே கதைதான். நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொண்டுபோன தபால்காரர்களைவிட, மேஜையடியில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாக்களையும் டெலிபோன் ஆப்பரேட்டர்களையும் இந்த நோய் அதிகம் பிடித்தது.

கால்சட்டை சொன்ன சேதி

உடனே ஆட்சேபம் கிளம்பிற்று. 'தடித்த ஆசாமிகள் டிரைவராகச் சேர்ந்திருப்பார்கள், ஒல்லியானவர்கள் கண்டக்டராகப் போயிருப்பார்கள். வேலையின்மேல் ஏன் பழி போடுகிறீர்கள்?' என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மாரிஸ் அதற்குப் பதில் தேடிப் போன இடம் வேடிக்கையானது. கம்பெனி சிப்பந்திகளுக்குத் தைத்துக் கொடுத்த யூனிபாரங்களின் அளவுக் குறிப்புகளை அவர் எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பளவு கண்டக்டர்களுடையதைவிடப் பெரிதாகவே இருந்தது. 1956-ல் இதை வெளியிட்டார். ஆட்சேபித்தவர்கள் சொன்னதில் பாதி உண்மை என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆயிற்று.

ஆனால் பின்னர் ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று தனித்தனியாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். அப்போதும் திடீர் மரணம் கண்டக்டர்களிடையே குறைவாகவே இருந்தது. தடித்த கண்டக்டருக்கும் அந்தப் படிகள் ஏதோ நன்மை செய்திருக்கின்றன.

லண்டன் கதை இந்த ஊர்க் குமாஸ்தாவுக்கு எதற்கு என்று கேட்கலாம். அவர் உட்கார்ந்திருப்பதும் டிரைவர் மாதிரிதான். டிரைவராவது பச்சை விளக்குக்கும் எருமைக்கும் நடுவே கையையும் காலையும் ஆட்டிக்கொண்டிருக்கிறார்.

ரயில் நிலயத்திலிருந்து ஆரம்பிப்போம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்களைக் கொஞ்சம் குழப்பும் பெயர் இது. 'ரயில் நிலயம்' என்றால் வண்டி வந்து நிற்கும் இடமல்ல. தென்மத்திய ரயில்வேயின் தலைமை ஆபீஸ். 1966 அக்டோபர் 2-ந் தேதி பிறந்த இந்த ரயில்வேக்காகச் சென்னையைத் தலைமையாகக் கொண்ட தெற்கு ரயில்வேயிலிருந்தும் சில கோட்டங்கள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ரயில்வே, பாங்கு, மத்திய சர்க்கார் ஆபீஸ், பொதுத்துறைத் தொழிற்சாலை என்று வேலைக்கு வந்த தமிழர்கள் மாரட்பள்ளி, மல்காஜ்கிரி, பத்மாராவ் நகர் என்று குடியேறினார்கள். பத்மாராவ் நகரைப் பழையவர்கள் இன்றும் 'வாக்கர் டவுன்' என்பார்கள். நடப்பவர்களின் ஊர் என்று அர்த்தமில்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவருடைய பெயர்! ஆனாலும் அந்தக் காலத்தில் அங்கிருந்து ஆபீஸுக்கு நடந்தோ சைக்கிளிலோ போனவர்கள் ஏராளம். ஸ்கந்தகிரி முருகனைக் கும்பிட்டுவிட்டு, டிபன் காரியரைத் தூக்கிக்கொண்டு, பேசிக்கொண்டே நடப்பார்கள்.

ஆபீஸுக்குள்ளும் நடை இருந்தது. பழைய பைல் வேண்டுமா, ரிகார்டு ரூமுக்குப் போக வேண்டும். கையெழுத்து வேண்டுமா, மேல்மாடிக்கு ஏற வேண்டும். சம்பளத்தைக்கூட வரிசையில் நின்றுதான் வாங்க வேண்டும். இன்றோ பைல் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது. சம்பளம் பாங்குக்குப் போய்விடுகிறது. வாசலில் ஸ்கூட்டர், உள்ளே லிப்ட், மேஜைக்கே டீ. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவர் மத்தியானச் சாப்பாட்டையும் அதே நாற்காலியில் முடித்துக்கொண்டு, மாலை ஆறு மணிக்குத்தான் எழுந்திருக்கிறார். வசதிகள் ஒவ்வொன்றாக வந்தன. காலுக்கு இருந்த வேலை ஒவ்வொன்றாகப் போயிற்று. போனதை யாரும் கணக்கு வைக்கவில்லை.

தென்னாட்டவர் நெஞ்சு

ரயில்வேக்காரர்களின் இதயத்தைப் பற்றி நம் நாட்டிலேயே ஒரு பழைய ஆராய்ச்சி உண்டு. மேற்கு ரயில்வேயில் டாக்டராக இருந்த எஸ்.எல். மல்ஹோத்ரா, 1958 முதல் 1962 வரையுள்ள ஐந்து ஆண்டுகளில் ரயில்வே சிப்பந்திகளிடையே மாரடைப்பால் நேர்ந்த மரணங்களைப் பகுதிவாரியாக ஆராய்ந்தார். 1967-ல் வெளியான அந்த ஆராய்ச்சி பலரைத் திடுக்கிட வைத்தது. நெய்யும் பாலும் தாராளமாகச் சாப்பிடும் பஞ்சாபிகளைவிடத் தென்னிந்தியர்களிடையே இந்த மரணம் ஏழு மடங்கு அதிகம்! இறந்தவர்களின் சராசரி வயதும் வடக்கே 52, தெற்கே 44.

இந்த வேறுபாட்டுக்கு உடலுழைப்பின் ஏற்றத்தாழ்வு காரணம் என்று மல்ஹோத்ரா சொல்லவில்லை. உணவையும் உண்ணும் முறையையும்தான் அவர் சந்தேகித்தார். அவருடைய விளக்கத்தைப் பின்னால் வந்தவர்கள் முழுவதும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் 44 என்ற அந்த வயதை மறக்க முடியாது.

பல நாடுகளை ஒப்பிட்டு 2007-ல் வெளியான இன்னொரு பெரிய ஆராய்ச்சியும் ஏறக்குறைய இதையே சொல்லிற்று. தெற்காசிய நாட்டவருக்கு முதல் மாரடைப்பு வரும் நடுவயது 53. மற்ற நாட்டவருக்கு 59-ஐ ஒட்டியது. அதே ஆராய்ச்சியில், நோயில்லாதவர்களில் ஓரளவாவது உடற்பயிற்சி செய்பவர்கள் எத்தனை பேர் என்றும் பார்த்தார்கள். மற்ற நாடுகளில் நூற்றுக்கு 22 பேர். நம் பக்கத்து நாடுகளில் நூற்றுக்கு 6 பேர்.

வெளியூரில் வேலை பார்க்கும் தமிழனுக்கு இந்த ஆறு வயது வித்தியாசம் சின்ன விஷயமல்ல. 53 என்பது மகள் காலேஜில் படிக்கும் வயது. வீட்டுக் கடன் பாதிதான் தீர்ந்திருக்கும். ஊரில் வயதான தாய்க்கு மாதாமாதம் பணம் போக வேண்டும். சொந்த ஊரிலாவது சித்தப்பா, மாமா என்று நாலு பேர் ஓடி வருவார்கள். இங்கே ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பத்தில் அந்த ஒருவர் படுத்துவிட்டால் வாடகைக்கு யார் வழி சொல்வது? குவார்ட்டர்ஸில் இருப்பவர்களுக்கு அந்த வீடும் நிலையில்லை.

குன்னூரிலிருந்து வந்த நிறுவனம்

உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களைப் பற்றிய சேதிக்கு லண்டன் வரை போக வேண்டியதில்லை. தார்நாகாவில் இருக்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அதுவும் நம் பக்கத்திலிருந்து இங்கே குடிவந்ததுதான். 1918-ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டின் ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராய மக்காரிசன் என்ற டாக்டர் தொடங்கியது. 1958-ல் ஹைதராபாதுக்கு மாறிற்று. 1969-ல் இப்போதுள்ள பெயரைப் பெற்றது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன் பல ஆண்டுகள் அதன் டைரக்டராக இருந்தார். பட்டினியால் வரும் நோய்களை ஆராயவென்று ஏற்பட்ட அந்த நிறுவனம், இப்போது உட்கார்ந்து உட்கார்ந்து வரும் நோய்களையும் ஆராய வேண்டியதாயிற்று.

ஹைதராபாதின் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கும் 183 பேரை அது பரிசோதித்து 2023-ல் முடிவை வெளியிட்டது. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வயிற்றுப் பருமன், ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்புக் கோளாறு ஆகியவற்றில் பல ஒன்றாகச் சேர்ந்திருந்தன. இதயநோய்க்கு இதைவிட நல்ல வரவேற்பு வேண்டியதில்லை. அவர்கள் தினமும் உட்கார்ந்திருந்த நேரம் சராசரியாக எட்டு மணிக்கும் மேல். வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடலை அசைத்தவர்கள் நூற்றுக்கு 22 பேர்தான். இவர்களில் பெரும்பாலோர் கிழவர்கள் அல்ல, வாலிபர்கள்.

'உட்கார்ந்து வேலை செய்பவனுக்குப் பசியும் குறைவாகத்தானே இருக்கும், சரியாகப் போய்விடாதா?' என்று நினைப்போம். அதுவும் தவறு என்று நம் தேசத்திலேயே தெரிந்தது. ஜீன் மேயர் என்ற ஊட்டச்சத்து விஞ்ஞானி, மேற்கு வங்காளத்துச் சணல் ஆலை ஒன்றைச் சேர்ந்த 213 பேரின் வேலையையும் சாப்பாட்டையும் எடையையும் ஒப்பிட்டு 1956-ல் எழுதினார். கடும் உழைப்பாளி அதிகம் சாப்பிட்டான், எடை கூடவில்லை. லேசாக உழைப்பவன் குறைவாகச் சாப்பிட்டான். ஆனால் நாள் முழுதும் உட்கார்ந்திருந்த கடைக்காரரும் மேஸ்திரியும் கடும் உழைப்பாளிக்குச் சமமாகச் சாப்பிட்டு, எல்லோரையும்விட எடை கூடியிருந்தார்கள். அசைவு ஓர் அளவுக்குக் கீழே போனால் பசி தன் கணக்கை மறந்துவிடுகிறது.

நடக்கும்போது என்ன நடக்கிறது? கால் தசைகள் சுருங்கி விரியும்போது கீழே தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளுகின்றன. கெண்டைக்கால் தசையை 'இரண்டாவது இதயம்' என்றே டாக்டர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. வேலை செய்யும் தசை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. நாள்பட நடந்தால் ரத்தக் குழாய்கள் இளகுகின்றன, ரத்தக் கொதிப்பு தணிகிறது, அதே வேலைக்கு இதயம் குறைந்த துடிப்பில் ஈடுகொடுக்கிறது. 2012-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு சிறு சோதனை செய்தார்கள். இனிப்புப் பானம் குடித்துவிட்டுத் தொடர்ந்து உட்கார்ந்திருந்த நாளைவிட, 20 நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து 2 நிமிஷம் நடந்த நாளில் ரத்தத்தில் சர்க்கரையின் ஏற்றம் நன்றாகக் குறைந்திருந்தது. இரண்டே நிமிஷம்! அதுவும் சாதாரண நடை.

பத்தாயிரம் அடியா?

போனில் அடிக்கணக்குப் பார்ப்பவர்கள் 'பத்தாயிரம் ஆகவில்லையே' என்று ஏங்குகிறார்கள். பத்தாயிரம் என்பது டாக்டர்கள் கண்டுபிடித்த எண்ணல்ல. டோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்கள் முடிந்த மறு ஆண்டு, அதாவது 1965-ல், ஜப்பானியக் கம்பெனி ஒன்று அடிகளை எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயரின் பொருள் 'பத்தாயிரம் அடி மானி'. விளம்பரத்துக்கு வந்த எண், வேதவாக்காக நிலைத்துவிட்டது.

2023-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பல நாடுகளில் நடந்த 17 ஆராய்ச்சிகளைச் சேர்த்து, சுமார் 2,26,000 பேரின் அடிக்கணக்கைப் பார்த்தது. இதயநோய் மரணம் குறையத் தொடங்கும் இடம் நாளொன்றுக்கு 2,300 அடியை ஒட்டியே இருந்தது. மற்ற காரணங்களையும் சேர்த்தால் 4,000 அடி. அதற்குமேல் நடக்க நடக்க நன்மையும் ஏறிற்று. ஆயிரம் அடி என்பது சாதாரணமாகப் பத்து நிமிஷ நடை. ஆகவே, இதுவரை ஒன்றுமே நடக்காதவருக்குத்தான் முதல் அரைமணி நேரம் அதிக லாபம் தருகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. காலையில் பார்க்கில் நடந்துவிட்டு, மீதி நாள் முழுதும் அசையாமல் இருந்தால் போதுமா? பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தைத் தொகுத்து 2016-ல் சொன்ன பதில் இது: எட்டு மணி நேரத்துக்குமேல் உட்காருவதால் வரும் ஆபத்தை முழுவதும் ஈடுகட்ட, தினமும் 60 முதல் 75 நிமிஷம் வேகமான நடை போன்ற உழைப்பு வேண்டும். எத்தனை குமாஸ்தாக்களுக்கு அது கைகூடும்? காலையில் தண்ணீர் பிடித்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, பஸ் பிடிக்கிறவருக்குக் கே.பி.ஆர். பூங்காவும் சஞ்சீவய்யா பூங்காவும் ஞாயிற்றுக்கிழமைச் சமாசாரங்கள். வேலைக்குப் போகும் பெண்களின் நிலை இன்னும் மோசம். அவர்களுக்கு ஞாயிறும் கிடையாது. ஆகவே நடையை ஆபீஸ் நேரத்துக்குள்ளேயே தேட வேண்டியிருக்கிறது.

தேடினால் கிடைக்கிறது. ஓர் ஆபீஸ் மாடிக்கு 20 முதல் 24 படிகள் இருக்கும். மூன்றாவது மாடிக்காரர் காலையில், டீக்கு, சாப்பாட்டுக்கு, மாலையில் ஒரு வேலையாக என்று நாலு தடவை லிப்டை விட்டுவிட்டு ஏறினால் சுமார் 250 படிகள் ஆகின்றன. லண்டன் கண்டக்டரின் குறைந்த கணக்கில் பாதி! மெட்ரோவில் வருகிறவர்களுக்கு நகரும் படிக்குப் பக்கத்திலேயே நகராத படியும் இருக்கிறது. அடுத்த செக்ஷனுக்குப் போன் போடுவதற்குப் பதில் நேரில் போகலாம். காரியமும் சீக்கிரம் முடியும் என்பது அனுபவஸ்தர்கள் கண்டது. பெரிய பாட்டிலுக்குப் பதில் சின்ன டம்ளர் வைத்துக்கொண்டால் தண்ணீருக்காகவே நாலு தடவை எழுந்திருக்க வேண்டிவரும். டீயை வரவழைக்காமல் இரானி ஓட்டல் வரை நடந்துபோய்க் குடிப்பதும் நல்லதுதான். ஆனால் அங்கே உஸ்மானியா பிஸ்கட் தட்டு முன்னால் வந்தால் நடந்ததெல்லாம் வட்டியோடு திரும்பிவிடும்! சாப்பிட்டபின் பத்து நிமிஷ நடை எல்லாவற்றிலும் சிறந்தது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு மிகவும் நல்லது. ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி நடங்கள் என்று சொல்வது சுலபம். இந்த ஊர் நடைபாதைகளின் லட்சணம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். மே மாத வெயிலில் அதைச் சொல்லவும் கூடாது. அந்த மாதங்களில் ஆபீஸ் வராந்தாவே போதும்.

காலியான நாற்காலி

இவ்வளவுக்கும் குறுக்கே நிற்பது குமாஸ்தாவின் சோம்பல் என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மைதான். மீதிப் பாதி ஆபீஸின் பார்வையில் இருக்கிறது. நாற்காலி காலியாக இருந்தால் 'ஆள் சீட்டில் இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். நாற்காலியில் சட்டையை மாட்டிவிட்டுக் காணாமல் போனவர்களைப் பற்றிய பழைய ஹாஸ்யங்கள் இன்னும் மேலதிகாரிகளின் மனதில் இருக்கின்றன. விளைவு, வேலையே செய்யாமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர் நல்ல சிப்பந்தி. மணிக்கொரு தரம் எழுந்து இரண்டு நிமிஷம் நடப்பவர் ஊர்சுற்றி! லண்டன் கண்டக்டரை யாரும் 'தினம் 600 படி ஏறு' என்று புத்தி சொல்லி அனுப்பவில்லை. அவர் வேலையே அப்படி அமைந்திருந்தது. வேலை அமைந்தபடிதான் உடம்பும் அமைகிறது.

ஆகையால் மேலதிகாரிகள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. செலவும் பெரிதில்லை. பல கட்டடங்களில் மாடிப்படி இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது. விளக்கு எரியாது, மூலையெல்லாம் வெற்றிலைக் கறை, திருப்பத்தில் கால் உடைந்த நாற்காலிகளும் கட்டுக்கட்டாகப் பழைய பைல்களும். அதைச் சுத்தம் செய்து ஒரு குழல்விளக்குப் போட்டாலே பாதிப் பேர் ஏறுவார்கள். தீ விபத்து நேர்ந்தாலும் அந்தப் படிதான் உயிர் காக்கும். பிரிண்டரை ஹாலின் கோடியில் வைக்கலாம். நாலு பேர் கூடும் சிறு ஆலோசனையை வராந்தாவில் நடந்துகொண்டே முடிக்கலாம். ஆபீஸ்களில் ஐந்து நிமிஷ யோகாசன இடைவேளை என்று மத்திய அரசின் ஆயுஷ் இலாகாவே ஒரு முறையை வகுத்துக் கொடுத்தது. ஆசனத்துக்கு ஐந்து நிமிஷம் தர முடிந்தால் நடைக்கும் தரலாம். பஞ்சப்படிக்கும் போனஸுக்கும் மனுக் கொடுக்கும் சங்கங்கள் மாடிப்படி விளக்குக்கும் ஒரு மனுக் கொடுத்தால் என்ன?

இனி நாள் முழுதும் நிற்பவர்களின் பாடு. துணிக்கடைச் சிப்பந்தி, ஓட்டல் சர்வர், வாட்ச்மேன், மூட்டை தூக்குபவர் ஆகியோரிடம் போய் 'நடங்கள்' என்று சொல்வது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். ஒரே இடத்தில் நிற்பது நடையும் அல்ல, ஓய்வும் அல்ல; காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதுதான் மிச்சம். கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமே திருத்தப்பட்டது. பாரம் தூக்கும் உழைப்பு இதயத்துக்கு நல்லது என்றும் சொல்வதற்கில்லை. டென்மார்க்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2021-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஓய்வு நேரத்தில் உடலை அசைத்தவர்களுக்கு இதயநோய் குறைந்தது. கடுமையான உடலுழைப்பு வேலை செய்தவர்களுக்கோ கூடிற்று. கண்டக்டரின் படிகள் சிறு சிறு தவணைகளாக, நடுவில் மூச்சு வாங்க இடம் வைத்து வந்தவை. மூட்டைக்காரருக்கு அந்த இடைவெளி இல்லை. அவருக்கு வேண்டியது இன்னும் நடையல்ல. இடைவேளையும், உட்கார ஒரு ஸ்டூலும், தண்ணீரும், ரத்தக் கொதிப்பைப் பார்த்துச் சொல்ல ஒரு டாக்டரும்தான். பீடியை விட்டால் அது எல்லா நடையையும்விடப் பெரிய உபகாரம்.

இதயச் சிகிச்சைக்கு ஹைதராபாதில் குறைவில்லை. ராமேசுவரத்தில் பிறந்து, 1982 முதல் இந்த ஊரில் ஏவுகணை ஆராய்ச்சிக் கூடத்தின் டைரக்டராக இருந்த அப்துல் கலாம், இங்குள்ள இதய டாக்டர் சோமராஜுவுடன் சேர்ந்து 1990-களில் உருவாக்கிய மலிவு விலைச் சுருள்குழாய் 'கலாம்-ராஜு ஸ்டென்ட்' என்றே பெயர் பெற்றது. ஸ்டென்டுகளுக்கு 2017-ல் மத்திய அரசு உச்ச விலையும் விதித்தது. ஆனால் ஸ்டென்ட் அடைத்துக்கொண்ட ஓர் இடத்தைத்தான் திறக்கிறது. மற்ற இடங்கள் அடைக்காமல் இருக்க மருந்தும், உணவில் எச்சரிக்கையும், நடையும்தான் வழி. சிகிச்சை முடிந்தவரை டாக்டர்கள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நடக்க வைப்பது இதனால்தான்.

ஏற்கெனவே நெஞ்சுவலி, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்கள் படியேறும் வைராக்கியத்தை நாளைக்கே தொடங்க வேண்டாம். டாக்டரைக் கேட்டு, சமதரையில் ஆரம்பித்து, வாரத்துக்கு வாரம் கூட்டலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியாத அளவு மூச்சு வாங்கலாம். அதுவே சரியான வேகம். நடையில் நெஞ்சு இறுகினாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலோ, காரணமில்லாமல் வியர்த்துக் கொட்டினாலோ அந்த இடத்திலேயே நின்று உட்கார்ந்துவிட வேண்டும். 'காஸ்தான்' என்று சோடா குடித்துவிட்டு வேலையைத் தொடர்வதும், லிப்டுக்குக் காத்திராமல் படியிறங்கி ஸ்கூட்டரைத் தானே ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதும் வேண்டாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் பெரிய வலி இல்லாமலே, மூச்சுத் திணறலும் அசதியுமாக மட்டும் இது வருவதுண்டு.

இப்போது பல மாநிலங்களில் ஓடும் 108 ஆம்புலன்ஸ் 2005 ஆகஸ்ட் 15-ந் தேதி ஹைதராபாதில்தான் முதலில் புறப்பட்டது. அந்த எண்ணைத் தெரியாதவர் இல்லை. தடுமாற்றம் வேறு இடத்தில். புதிதாக வந்தவருக்குத் தெலுங்கும் உருதுவும் அவசரத்தில் நாக்குக்கு வராது. எந்தத் தெரு, எந்தக் கட்டடம், பக்கத்தில் என்ன அடையாளம் என்று சொல்லத் திணறுவார். ஆபீஸ் விலாசம், மாடி எண், பக்கத்திலுள்ள சினிமா தியேட்டரோ கோயிலோ மெட்ரோ ஸ்டேஷனோ, இவற்றைத் தெலுங்கு தெரிந்த சக ஊழியரிடம் கேட்டுத் தமிழ் எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். வீட்டிலும் ஒரு சீட்டு இருக்கட்டும். அதைக் கேட்டு எழுதிவர அடுத்த செக்ஷனுக்குப் போக வேண்டியிருந்தால், நடந்தே போய் வாங்கி வரலாம்.